அட்டையில் இருந்த கிழவர்

எங்கள் மலையூரான தானா ராத்தாவில், பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு பரிசுப்பொருள் கடைக்கு நான் மடக்குக்கத்தி செய்து கொடுத்துவந்தேன். போன பள்ளி விடுமுறைக்கு முன்பு ஏழு கத்திகளோடு அங்கே போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள், முன்பு நான் கொடுத்திருந்த கத்திகளுக்குப் பக்கத்தில், ஒரு புது அட்டை நின்றது. தலைப்பாகை கட்டிய கிழவர் ஒருவரின் படம். மூன்று தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் கத்தி செய்துவரும் குடும்பத்தின் கடைசிக் கைவினைஞர் இவர், இவரோடு இந்தக் கலை முடிந்துவிடும் என்று கீழே ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. நான் பெண்.

"யாருண்ணே இவரு?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"இன்டர்நெட்ல எடுத்ததும்மா. டூரிஸ்ட்டுங்க நின்னு படிக்கிறாங்க லா."

என் குடும்பத்தில் யாரும் கத்தி செய்ததில்லை. தாத்தா தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். அந்தக் கத்தியும் அவருடையதல்ல. சாயங்காலம் கங்காணியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் லைன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அப்பா லோரி ஓட்டினார். நான் ஈப்போவில் செயற்கைப் பல் செய்யும் இடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அரம் பிடிக்கவும், மயிரிழை மேடு பள்ளத்தை விரல்நுனியால் அறியவும் அங்கேதான் பழகினேன். அம்மாவுக்கு முழங்கால் கெட்டதால் மலைக்குத் திரும்பிய பிறகு, பழைய மடக்குக்கத்தி ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். நான் செய்த முதல் ஒன்பதில் சில மடங்கவில்லை, மடங்கியவை திறக்கவில்லை.

பிடிக்கு, தோட்டத்தில் பிடுங்கி எரிக்கப் போட்டிருக்கும் முதிர்ந்த தேயிலைச் செடிகளின் வேர்க்கட்டையை மேனேஜரிடம் கேட்டு வாங்கிவருவேன். நிழலில் ஒரு வருடமாவது காயவேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும். அறுத்தால் உள்ளே தேன் நிற மரத்தில் கருங்கோடுகள் சுருண்டு கிடக்கும். இரு பக்கமும் கோடு பொருந்துமாறு ஒரே துண்டைப் பிளந்து, பித்தளைத் தகட்டின்மேல் ஆணியடித்து, பல்லுக்கு மெருகேற்றிய அதே நுரைக்கல் தூளால் தேய்ப்பேன். ஒரு கத்திக்கு எட்டு நாள் பிடிக்கும். அத்தனையையும் கடைக்காரர் முகம் தெரியாத ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார்.

"அண்ணே, பல்லு செஞ்சவ இப்ப கத்தி செய்யிறான்னு எழுதுங்க. அதான உண்மை."

அவர் சிரித்தார். "அப்டி எழுதுனா எவன் வாங்குவான்? பாவம்னு தோணணும்மா. தாத்தா காலத்துக் கலை, சாகப்போகுதுன்னாதான் எடுப்பான்."

பாவம் என்று அவர் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூடிய கத்தியின் இணைப்பில் நகம் நுழைய இடம் இருக்கிறதா, வேலை சுத்தமா என்று எவரும் பார்க்க வேண்டாமாம். நான் இதைத் தொடங்கியே ஏழு வருடம்தான் ஆகிறது. எருமைக்கொம்பில் பிடி போட இப்போதுதான் பழகுகிறேன். அதற்குள் கருமாதி நடத்திவிட்டார்.

பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருந்த நான்கையும் எடுத்துத் துண்டில் சுற்றினேன்.

"கோவப்படாதம்மா. ஒங்கம்மா கொழுந்து எடுத்தவங்கதான? தோட்டத்துக் கததான இதுவும்."

"எங்கம்மா கதைய எங்கம்மா சொல்லட்டும்ணே."

போன மாதம் அம்மாவுக்கு மருந்து வாங்க டவுனுக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன். அதே கிழவர் நின்றார். பக்கத்தில் மரக் கலரில் பிளாஸ்டிக் பிடி போட்ட தொழிற்சாலைக் கத்திகள். ஒரு தம்பதி அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய், இது பொய், இது பிளாஸ்டிக் என்று சொன்னேன். அந்த மனிதர் என் மழைக்கோட்டையும் மருந்துப் பையையும் பார்த்தார். நன்றி சொன்னார். பிறகு கத்தியை வாங்கிக்கொண்டார். கடைக்காரர் என்னை வெளியே போகச் சொன்னார்.

இப்போது சனிக்கிழமைகளில் கியா பார்ம் சந்தையில், மாமா மகளின் காய்கறிக் கடையோரம் ஒரு மேசை போட்டிருக்கிறேன். முன்பு போல விற்பதில்லை. போன வாரம் ஸ்ட்ராபெரி தோட்டக்காரர் ஒருவர் தான் வாங்கிய கத்தியைத் திருப்பிக் கொண்டுவந்து, "கத்திய மடக்குற வில்லு இறுக்கமா இருக்கு, தெறக்கையில கட்ட விரல் வலிக்குது" என்று ஏசினார். நானும் பதிலுக்குக் கொஞ்சம் ஏசினேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். அரத்தை எடுத்து உட்கார்ந்தேன்.