பத்து வருடம் உழைக்கும் விரிப்பு

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால் மணி. மழை விட்டுப் புழுக்கம். என் மனைவி சரோஜாவைப் பக்கவாட்டில் திருப்பியபோது, வால் எலும்பின் மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினேன். வெளுக்கவில்லை.

பக்கவாதத்தில் அவளுக்கு இடது பக்கம் செயலிழந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"படுக்கைப் புண் (ஒரே இடம் அழுந்தி, ரத்த ஓட்டம் குறைந்து தோல் சிதைவது) ஆரம்பம்" என்றார் மருத்துவர். "தோல் கிழிஞ்சா ஆறறதுக்கு மாசக்கணக்கா ஆகும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்புங்க. விரிப்பு வேர்வைய உறிஞ்சணும், சுருக்கம் இருக்கக் கூடாது."

உழவர்கரையில் ஒரு ஜவுளிக்கடை. சுத்தப் பருத்தி என்றார் கடைக்காரர். பஞ்சாலை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கழித்தவன் நான். துணியில் ஒட்டிய சீட்டில் அச்சடித்ததை நம்புவதில்லை. வெட்டு ஓரத்தில் ஒரு நூலை உருவி, வாசலில் தீக்குச்சியால் கொளுத்தினேன். காகித வாசனை, சாம்பல் உதிர்ந்தது. பருத்திதான்.

"கசங்கவே கசங்காது சார். பத்து வருஷம் உழைக்கும்."

கசங்காத பருத்தி ஏது? அங்கேதான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பத்து வருடம் என்றதில் மயங்கி இரண்டு விரிப்பு வாங்கினேன்.

"எத்தினி வருஷம்னு சொன்னான்?" என்றாள் சரோஜா.

"பத்து."

"யாருக்கு?" வாய் கோணச் சிரித்தாள். நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

நான்காம் நாள் சிவப்பு இன்னும் பரவியிருந்தது. முதுகெல்லாம் ஈரம். அரியாங்குப்பத்திலிருந்து பகலில் பார்த்துக்கொள்ள வரும் கன்னியம்மாள் மேல் சந்தேகம் வந்தது. திருப்பாமல் விடுகிறாளோ? செய்தித்தாளோடு கட்டிலருகே உட்கார்ந்தேன். அவள் நேரம் தவறாமல் திருப்பினாள்.

"இன்னா பெரியவரே, காலையிலேர்ந்து ஒரே பக்கத்தையே படிக்கிறீங்க? என்னைப் பத்தி எதுனா போட்டுக்கிறானா?"

சரோஜாவின் தோள் குலுங்கியது.

ஆள்மேல் சந்தேகம் தீர்ந்தது, துணி மிஞ்சியது. வெட்டு ஓரத்தில் சுலபமாக உருவி வருவது குறுக்கு நூல் மட்டுமே. நெடுக்கு நூலை நான் சோதிக்கவே இல்லை. விரிப்பின் மூலையைக் கத்தரித்து, நெடுக்கே ஒன்றை இழுத்துக் கொளுத்தினேன். உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகியது. பிளாஸ்டிக் நாற்றம். பாலியெஸ்டர்.

"உங்க பழைய வேட்டிய ரெண்டா மடிச்சிப் போடுங்க" என்றாள் சரோஜா. "அது பழகின துணி."

வேட்டியில் ஒரு வாரம் கிடந்தாள். முதுகில் ஈரம் இல்லாமல் போனது. அதற்குள் வேறு கடையில், நெடுக்கு, குறுக்கு இரண்டு நூலையும் எரித்துப் பார்த்து, நான்கு விரிப்பு வாங்கினேன். கஞ்சி போக இருமுறை அலசினேன். இவை கசங்கும், திருப்பும்போதெல்லாம் இழுத்துச் செருக வேண்டும். இதே நிலையில் இருப்பவர்கள் நெடுக்கு நூலை மறக்க வேண்டாம்.

மூன்றாம் வாரம் சிவப்பு மங்கிப் பழுப்பானது. தோல் கிழியவில்லை. விரிப்பு மட்டுமே காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

இப்போது நான் படுத்தாலும் வால் எலும்பு எங்கே அழுந்துகிறது என்று தெரிகிறது. எங்கள் வீட்டில் நேரம் என்பது ஒரு திருப்பலிலிருந்து அடுத்த திருப்பல் வரைதான்.

"தினம் தோய்ச்சா இது ரெண்டு வருஷந்தான் வருமாம்" என்றேன்.

"அப்ப மூணாவது வருஷம் புதுசு வாங்கணும். மறந்துடாதீங்க" என்றாள்.

கலப்பு விரிப்பு இரண்டு, பருத்தி நான்கு, தீப்பெட்டி ஒன்று: ஐந்தாயிரத்து ஐந்நூற்று நாற்பத்திரண்டு ரூபாய்.