அவர் பேண்ட்சா தேடிய வருஷம்

ஓடிக்கொண்டிருந்த மெஷினின் இரும்பு மேசையில் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை விளிம்பில் நிறுத்தப் பார்த்தார் என் வீட்டுக்காரர். நாணயம் ஒரு கணம் நின்று, உடனே சரிந்தது. எடுத்து மறுபடி வைத்தார், மறுபடியும் சரிந்தது. மூன்றாம் தடவை அது உருண்டோடிக் கீழே விழ, விழுப்புரத்துக் கடைக்காரர் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். “மெஷினு ஆடுதுங்க. இது வேணாம்” என்று சொல்லிவிட்டு நாணயத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இவர் படியிறங்கிவிட்டார். கடைக்காரருக்கு வந்ததே கோபம். “இன்னாம்மா இது, பிரிச்சு மாட்டுன புது மெஷினு. காலைலேருந்து ஓட்டிக் காட்டிக்கினு இருக்கேன், ஒத்தக் காசை வச்சுப் பேஜாரு பண்றாரே!” என்று என்னிடம் பாய்ந்தார். நான் என்ன சொல்வேன்? புடவைக் கடையில் முப்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு எழுந்து வரும் பெண்களை எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தப் பெண்களில் ஒருத்தி மாதிரிதான் நானும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

பேண்ட்சா என்றால் பெரிய விஷயமில்லை. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் ஒரு ரம்பப் பட்டை. என் தையல் மெஷினின் பெல்ட்டுக்குப் பல் முளைத்தால் எப்படியிருக்கும், அதுதான். மரவாடியில் ஆளுயரத்துக்கு நிற்கும். வீட்டில் வைத்துக்கொள்ளச் சின்னதாகவும் வருகிறது. வட்ட ரம்பம் நேராக மட்டும் அறுக்கும். இது வளைத்து அறுக்கும். இவருக்கு வேண்டியது அந்த வளைவு. சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், திண்டிவனத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் தகரம் வேய்ந்து, கை ரம்பத்தை வைத்துக்கொண்டு முக்காலி, அலமாரி என்று ஏதாவது செய்துகொண்டிருப்பார். நான் ரவிக்கை தைக்கிறவள். நாளெல்லாம் குனிந்து தைத்து என் இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. முதுகோடு வளைந்து பொருந்துகிற மாதிரி ஒரு நாற்காலி செய்து தருகிறேன், அதற்கு பேண்ட்சா வேண்டும் என்று ஆரம்பித்தார். “நாற்காலி வேணும்னா கடையில வாங்கிட்டுப் போலாமே, அதுக்கு மெஷினா?” என்றேன். “உன் முதுகு கடையில விக்குதா?” என்று கேட்டார். இந்த மனுஷனிடம் பேசி ஜெயிக்க முடியாது.

பேச்சு மட்டுமில்லை, எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. எங்கள் கல்யாணம் ராகு காலத்தில் நடந்தது. அறியாமல் நடந்ததில்லை, தேடிப் பிடித்து வைத்த ராகு காலம். ஐயர் கிடையாது, ஓமம் கிடையாது, ஒலிபெருக்கியில் பேச்சாளர் ஒருவர் பெண்ணுரிமையைப் பற்றி நீட்டி முழக்கினார். கண்டாச்சிபுரம் பக்கத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பயிர் செய்துகொண்டிருந்த என் அப்பா, மாலையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பந்தலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். இந்த வீட்டுக்கு நாங்கள் குடி வந்தது நடு ஆடியில். “ஆடியில எவனும் வீடு மாத்த மாட்டான், வண்டி உடனே கிடைச்சுது பாத்தியா” என்று அதில் ஒரு பெருமை வேறு. ஆலையில் ஆயுத பூஜைக்கு எல்லோரும் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூ சுற்றும்போது, இவர் மட்டும் தன் மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு வருவார். அதுதான் பூசை என்பார். சண்டை போட்டு, அழுது, கடைசியில் நானும் காலண்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

அந்த நாணயச் சோதனையும் ஆலையில் வந்த பழக்கம். எந்த மோட்டாரைப் பூட்டினாலும் ஓடவிட்டு மேலே ஒரு காசை நிறுத்திப் பார்ப்பாராம். காசு நின்றால் மெஷின் அதிரவில்லை என்று கையெழுத்துப் போடுவார். பேண்ட்சா அதிர்ந்தால் வளைவு சொரசொரப்பாக வரும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். வீட்டுக் கரண்டில் ஓட வேண்டும், மேசை வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும், பட்டை அறுந்தால் பற்றவைத்துத் தர பக்கத்தில் ஆள் வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. விழுப்புரத்தில் இன்னொரு கடை பார்த்தோம். கண்டமங்கலத்தில் ஒருவர் பாண்டிச்சேரிக்கு வேலைக்குப் போய்விட்டதால் பழைய மெஷினை விற்கிறார் என்று பஸ் ஏறினோம். எல்லா இடத்திலும் நாணயம் விழுந்தது. எல்லா இடத்திலும் “மெஷினு ஆடுது” என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆம்பளையே இல்லாத ஊரில் மாப்பிள்ளை தேடுகிற கதையாக இருக்கிறதே என்று பஸ்ஸில் அவரைக் கேலி பண்ணிக்கொண்டே வந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார், வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு. அப்படித்தான் சில மாதமாக உட்கார்கிறார் என்பது என் கண்ணில் பட்டது, மனசில் படவில்லை.

திண்டிவனத்திலேயே மரக்காணம் ரோட்டில் ஒரு மரவாடியை மூடினார்கள். சாமான்களோடு ஒரு சின்ன பேண்ட்சாவும் விற்பனைக்கு நின்றது. மரவாடிக்காரர் நல்ல மனுஷர். மெஷினை ஓடவிட்டார், பூனை உறுமுகிற சத்தம்தான். இவர் நாணயத்தை எடுத்தார். விழுந்தது. மறுபடி வைத்தார், விழுந்தது. வெயில் உச்சியில் நின்றது, எனக்கு ஒரு கல்யாண ரவிக்கை பாக்கி கிடந்தது. “இங்க குடுங்க, ஜல்தியா முடிப்போம்” என்று அவர் கையிலிருந்து காசைப் பிடுங்கி நான் வைத்தேன். நின்றது. நட்ட கல் மாதிரி நின்றது. மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது, காசு அசையவேயில்லை.

மரவாடிக்காரர் “பாத்தீங்களா சார், நம்ம மெஷினு தங்கம்” என்று சொல்லத் தொடங்கியவர், இவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். மெஷினை அணைத்தார். இவர் காசை எடுக்காமல் வாசல் பக்கம் நடந்தார். “டீ குடிக்கலாம் வா” என்றார். டீக்கடையில் டம்ளரை அவர் கையில் எடுக்கவில்லை. பெஞ்சு மேலேயே வைத்துக் குனிந்து உறிஞ்சினார். ஐயோ, இதை எத்தனை நாளாக வீட்டிலும் செய்துகொண்டிருக்கிறார், நான் சூடு தாங்கவில்லை என்றல்லவா நினைத்தேன்!

விழுப்புரத்தில் நரம்பு டாக்டரிடம் போனோம். விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், பெயரை எழுதச் சொன்னார். எழுத்து போகப் போக எறும்பு அளவுக்குச் சிறுத்திருந்தது. நடுக்குவாதம் என்றார். மாத்திரை போட்டால் சில மணி நேரம் அடங்கும், ஆனால் இது நிற்கிற வியாதி இல்லை, மெதுவாக ஏறிக்கொண்டே போகும் என்று ஒளிக்காமல் சொன்னார். “இப்ப என்ன வேலை பண்றீங்க?” என்று கேட்டதற்கு, “பேண்ட்சா வாங்கப் போறேன் சார், மரம் அறுக்க” என்றார் இவர். டாக்டர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. “மெஷின் வேலையெல்லாம்... பாத்து” என்று இழுத்தார். இவர் எழுந்து கும்பிட்டார். கும்பிட்ட கையும் ஆடியது.

அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. மரவாடிக்காரர் போன் பண்ணி, மெஷினை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். இவர், “ஆடி பொறந்துடுச்சிங்க. ஆடியில புதுசா எதுவும் வாங்கக்கூடாது, கழியட்டும்” என்றார். அடுப்படியிலிருந்த நான் கரண்டியோடு ஓடி வந்தேன். யார் பேசுவது? ராகு காலத்தைத் தேடிப் பிடித்துக் கல்யாணம் பண்ணிய மனுஷனா? ஆவணி வந்தது. எனக்குச் சனிக்கிழமைதான் கொஞ்சம் ஒழியும். “சனிக்கிழமை இரும்பு வாங்கக்கூடாதுன்னு ஒங்கப்பா சொல்லுவாரே” என்றார். புரட்டாசியில் ஆயுத பூஜைக்கு வாங்கலாமே என்றேன், அன்றைக்குத் தனக்குச் சந்திராஷ்டமம் என்றார். அந்தச் சொல்லை அவர் எங்கே கற்றுக்கொண்டார் என்று இன்றுவரை தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழி பீடை மாதம். எதிர்வீட்டுப் பெண் “சார் திருந்திட்டாரே அக்கா” என்று சிரித்தாள், நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தபோது எனக்கு விளங்கிவிட்டது. ஒரு நாளையும் கோளையும் ஜன்மத்தில் நம்பாத மனுஷன், வாங்க மாட்டேன் என்று சொல்ல வாய் வராமல் அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருக்கிறார். வாங்கினால் அறுக்க வேண்டும். அறுத்தால் தெரிந்துவிடும். வாங்காதவரை அவர் பேண்ட்சா வாங்கப் போகிறவர்.

விளங்கியதும் நான் பேசாமல் இருந்திருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். என்னால் முடியவில்லை. அவர் காலண்டர் கிழிக்கிறதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. வியாதி மேல் ஆத்திரம், ஆனால் வியாதியைத் திட்ட முடியுமா? தை பிறந்த வாரமே கேட்டுவிட்டேன். “தை பொறந்தா வழி பொறக்கும்னு சொல்வாங்க. வாங்கறதா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க.” “விழுப்புரத்துல மொதல்ல பாத்தோமே, அதையே சொல்லிடு” என்றார். “போய் இன்னொரு வாட்டி பாக்கலாங்க” என்றேன். “எதுக்கு? எல்லாம் ஒண்ணுதான்” என்றார். ஒரு திருகாணி வாங்கக்கூட மூன்று கடை ஏறுகிற மனுஷன், மெஷினை ஓட்டிக்கூடப் பார்க்காமல் வாங்கினார். அவர் வாயிலிருந்து அந்த ‘எல்லாம் ஒண்ணுதான்’ வந்தபோது எனக்கு டாக்டர் சொன்னதைவிட அதிகமாக வலித்தது.

மெஷின் வந்தது. இறக்கியவர்கள் “எலுமிச்சம்பழம் வச்சுடலாமாம்மா?” என்று கேட்டார்கள். நான் இவரைப் பார்த்தேன். “வைங்க” என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் மாத்திரை போட்டு, கை கொஞ்சம் அடங்கும்வரை காத்திருந்து, பூவரசம் பலகை ஒன்றில் நாற்காலி முதுகுக்கு வளைவு வரைந்தார். வளைவைக் கையால்தான் போட வேண்டும், அச்சு வைத்துப் போட்டால் அது செத்த வளைவு என்பது அவர் கொள்கை. கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். சுவிட்சைப் போடச் சொன்னார். பலகையை இரண்டு கையாலும் பிடித்துப் பட்டையை நோக்கித் தள்ளினார். பட்டைக்கு நாலு விரற்கடை இருக்கும்போதே வலது கை துள்ள ஆரம்பித்தது. பலகை மேசையில் கடகடவென்று அடித்தது. நான் கத்திவிட்டேன். அவர் பலகையை இழுத்துக்கொண்டார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே, “நீ அறு. துணி வெட்டறவதான நீ” என்றார்.

பலகையை வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் கோட்டைப் பார்த்தேன். வளைவு வளைவாக இல்லை. பென்சில் கோடு முழுக்க நெளிநெளியாக, நைந்து கிழிந்த புடவைக் கரை மாதிரி ஏறி இறங்கி ஓடியது. சாக்பீஸ் கோட்டின் மேல் கத்தரி ஓட்டியே காலம் தள்ளியவள் நான். கோட்டை மனசுக்குள் நேராக்கி அழகாக வளைத்து அறுத்திருக்க முடியும். அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நேராக்கினால் அவர் கோடு தப்பு என்று அவர் முகத்துக்கு எதிரே சொன்ன மாதிரி ஆகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு நெளிவுக்கும் பலகையைத் திருப்பித் திருப்பி, கோட்டின் மேலேயே அறுத்தேன். அறுத்து முடித்து மெஷினை அணைத்தேன். அவர் பலகையை எடுத்து, அறுத்த விளிம்பில் கட்டைவிரலை மெல்ல ஓட்டிக்கொண்டு போனார். கடைசிவரை ஓட்டினார். “நல்லா அறுத்திருக்க. கோட்ட விட்டு எங்கயும் வெலகல” என்றார். பலகையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வீட்டுக்குள் போனார். அதற்குப் பிறகு அவர் அந்தத் தகரக் கொட்டகைக்குள் போகவில்லை.

இன்று திண்டிவனத்தில் அதே வீட்டில், நான் தைக்கிற அறையிலேயே அவருக்குக் கட்டில். பேச்சு குறைந்துவிட்டது. கேப்பைக் கூழைக் கரைத்து நான்தான் கரண்டியால் ஊட்டுகிறேன். வாயைத் திறந்துகொண்டே என் கையைப் பார்ப்பார், கூழ் சிந்தாமல் வருகிறதா என்று. அந்தக் காலைப் பொழுதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை. ஊட்டும்போது சில சமயம் எனக்குத் தோன்றும், அன்றைக்கு நான் கோட்டை நேராக்கி அறுத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் அவர் அந்தக் கொட்டகையில் நடமாடியிருப்பாரோ என்று. இருக்காது. நான் எப்படி அறுத்திருந்தாலும் அது நெளிந்த கோடு என்று அவருக்குத் தெரியும். கோட்டைப் போட்டவர் அவர்.