அணைக்கக் கூடாத லேசர்

மின்சார ரயில் போகும்போதெல்லாம் திரிபுரசுந்தரி மேடம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். தாம்பரத்தில் தண்டவாளத்தை ஒட்டிய கல்லூரி. ரயில் அதிர்வில், சுவரில் விழும் லேசரின் சிவப்பு ஒளிக்கோடுகள் கலைந்துபோகும். அவை அடங்கிய பிறகுதான் அளவு எழுதுவார். அறைக்குள் செருப்பு கிடையாது, மின்விசிறியும் கிடையாது. “காத்து வேணும்னா பீச்சுக்குப் போங்க” என்பார்.

ஒளியியல் பேராசிரியர். கூடப் படித்தவர்கள் ஜெர்மனியில் இருக்கிறார்கள். இவர் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பேருந்தில் வருகிறார். வடை தின்றால் விரலை முகர்ந்து முகர்ந்து, எண்ணெய் வாடை போகும்வரை கழுவுவார். அப்புறம்தான் லென்ஸைத் தொடுவார்.

அந்த அறையைப் பெருக்கும் எனக்கு ஒரே கட்டளை: லேசரை மட்டும் அணைக்காதே. கிழட்டு லேசர். அணைந்தால் மறுபடி எரியுமா என்பதே சந்தேகம். புதியதற்கு எழுதிப்போட்டு வருடமாகிறது. மாணவி சின்மயியின் ஆராய்ச்சிக்குக் கடைசி அளவுகள் இன்னும் பாக்கி. “அதுவரைக்கும் தாங்குடா கண்ணா” என்று அதன் மின்பெட்டியைத் தட்டிக்கொடுப்பார்.

ஆயுதபூஜை வந்தால் மேடம் வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருப்பார். அட்டெண்டர் ரத்தினம் அண்ணன் சந்தன குங்குமக் கிண்ணத்துடன் வருவார். “மேசைக் காலுக்கு வை. மேல கை வெச்சே, சுண்டல் கிடையாது!”

இந்த ஆண்டு பூஜை நேரத்தில் முதல்வர் கூப்பிட, எழுந்து போனார். திரும்பியபோது சுவரில் கோடுகள் இல்லை.

“இன்னா மேடம், எந்நேரமும் எரிஞ்சிகினே கீது. அதுக்கும் ஒரு நாள் லீவு வேணாமா? நான்தான் மெயினை ஆஃப் பண்ணேன்” என்றார் ரத்தினம் அண்ணன், நல்லது செய்த முகத்துடன்.

சின்மயி அழத் தொடங்கிவிட்டாள். மேடம் திட்டவில்லை. மெயினைப் போட்டு, மின்பெட்டியின் பொத்தானை அழுத்தினார். லேசர் ஒருமுறை கண் சிமிட்டி அணைந்தது. மறுபடி அழுத்தினார். சிமிட்டக்கூட இல்லை.

“ரெண்டு பேரும் போய் டீ குடிங்க. ஆறட்டும்.”

மூலையில் துடைப்பத்துடன் நின்ற நான் அவர் கண்ணில் படவில்லை. அண்ணன் விட்டுப்போன கிண்ணத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மின்பெட்டியின் நெற்றியில் சந்தனம் வைத்தார், அதன்மேல் குங்குமம். பொத்தானை அழுத்தினார். சுவரில் சிவப்புக் கோடுகள் வந்து நின்றன.

சின்மயி ஓடிவந்தாள். “எப்படி மேம்?”

“சூடா இருந்துச்சு, ஆறினதும் பிடிச்சுக்கிச்சு. எல்லாம் ஃபிசிக்ஸ்தான்” என்றார் மேடம். சொல்லிக்கொண்டே, பொட்டு சுவர்ப்பக்கம் போகும்படி பெட்டியை மெல்லத் திருப்பிவைத்தார்.