ஒன்று குறைந்த விடைகள்

2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் பிடித்தேன். ஏழே முக்காலுக்கு மகளை ஸ்கூல் வேனில் ஏற்றினேன். எட்டரையிலிருந்து நாலரை வரை பீங்கான் கம்பெனியில் கீறல் விழுந்த கப்புகளைப் பொறுக்கித் தனியே வைத்தேன். ஐந்து மணிக்குத் துபாயிலிருந்து கணவரின், மகளுக்கு அத்தாவின், வீடியோ கால்.

மகளுக்கு எட்டு வயது. ஐந்து வயதிலேயே இரண்டு இலக்கப் பெருக்கலை மனதிலேயே போடுவாள். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் கணவரின் அறையில் தங்கியிருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கணக்குக் கேட்பார்கள். அவள் சொன்னதும் கைதட்டுவார்கள். முகம் கழுவி, பவுடர் போட்டு அவளை உட்கார வைப்பவள் நான்தான்.

"பதினெட்டு இன்டு இருபத்தி நாலு?"

"நானூத்தி முப்பத்தி ஒண்ணு."

"தப்பாச்சே! என்னா பாப்பா, சார்ஜ் எறங்கிப் போச்சா?" என்றார் ஒருவர். சிரித்தார்கள். அடுத்த இரண்டும் தப்பு. கணவர் முகம் சுருங்கிவிட்டது. "நாளைக்கே டாக்டருகிட்ட காட்டு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

போன மாதம் அவளுக்கு நான்கு நாள் காய்ச்சல். அது மூளையைத் தொட்டுவிட்டதோ? அவள் ஸ்கூல் பையைக் கவிழ்த்து அந்த வாரக் கணக்குப் பரீட்சைத் தாளைத் தேடி எடுத்தேன். பத்தில் ஐந்து தப்பு. தப்பானவற்றின் பக்கத்தில் சரியான விடையைப் பென்சிலால் எழுதிப் பார்த்தேன். 56க்கு 55. 144க்கு 143. ஐந்துமே சரியாக ஒன்று குறைவு.

சரியான விடை தெரியாமல் இப்படி எழுத முடியாது. நிம்மதி வந்திருக்க வேண்டும். பயம்தான் கூடியது. இந்த வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். எத்தனை நாளாக இதை என்னிடம் மறைத்திருக்கிறாள்?

"ஏன் பாப்பா இப்படிப் பண்ண?"

கழுத்துப் பவுடரைத் துடைத்தபடியே சொன்னாள்: "சரியா சொன்னா மிஸ்ஸு எல்லா கிளாஸுக்கும் கூட்டிட்டுப் போயி சொல்லச் சொல்றாங்க."

"போன்ல?"

"சரியா சொன்னா அடுத்த மாமா கேக்குறாரு. அதுக்குள்ள அத்தாவுக்கு நேரமாயிடுது. தப்பா சொன்னா அவங்கள்லாம் போயிடுவாங்கன்னு நெனச்சேன்." பவுடர் ஒட்டிய விரல்களைப் பாவாடையில் துடைத்தாள். "இன்னைக்கு அத்தாவே போயிட்டாங்க."

"அத்தாகிட்ட என்னாம்மா சொல்லணும்?"

"அது அத்தாகிட்டதான்."

மூன்று வருடமாக அவளிடம் விடைகளை மட்டுமே கேட்டிருக்கிறேன். இனி எதைக் கேட்டாலும் ஒன்றைக் குறைத்துத்தான் சொல்வாளோ என்று தோன்றியது.

மறுநாள் காலை முதல் வேலையாக, ஆறு பத்துக்குக் கணவருக்குப் போன் செய்தேன். அங்கே நாலு நாற்பது. வேலைக்குக் கிளம்பும் நேரம்.

"ரூமை விட்டு வெளிய வாங்க. பக்கத்துல யாரும் இருக்கக் கூடாது."

"என்னாச்சு? புள்ளைக்கு என்னா?"

"நோவு ஒண்ணும் இல்லீங்க. அவ பேசுவா. நீங்க எதுவும் கேக்காதீங்க."

போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.