படத்துக்கு மட்டும் பத்தியம்

அந்த இருட்டறையில் இருந்தவர்கள்: கண் டாக்டரம்மா. கம்ப்யூட்டர் முன்னால் ஆராய்ச்சி செய்யும் பெண். கேமராவில் தாடையை ஊன்றி உட்கார்ந்திருந்த என் அக்கா வீட்டுக்காரர். அவர் தலை ஆடாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்த நான்.

சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் எனக்கு அட்டெண்டர் வேலை. இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம். மாமா குமராட்சி பக்கம் மினிபஸ் ஓட்டினார். சக்கரை கண்ணுக்கு ஏறி, உள்ளே ரத்தக்குழாய்கள் புடைத்திருந்தன. லேசர் வெளிச்சம் பாய்ச்சினால் அவை சுருங்கும்; சக்கரை இறங்கினாலும் கொஞ்சம் சுருங்கும். எவ்வளவு சுருங்கியது என்று படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் அளப்பதுதான் அந்தப் பெண்ணின் ஆராய்ச்சி. மாமாவை அதில் சேர்த்துவிட்டவன் நான்.

தினமும் மாத்திரை போடுகிறவர்களைத்தான் சேர்ப்பார்கள். மாமா போடமாட்டார். ஆனால் படம் எடுக்கப் பத்து நாள் இருக்கும்போது மாலை போட்டவர் மாதிரி மாறிவிடுவார். சோறு, டீ கிடையாது. கேழ்வரகுக் கூழ், கீரை, வேளை தவறாமல் மாத்திரை. படம் எடுத்து வெளியே வந்ததும் பரோட்டா கடைக்கு இழுப்பார்.

"கல்யாண போட்டோவா மாமா இது, அன்னைக்கு மட்டும் நல்லா இருக்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ தலையப் புடிக்கிற வேலையப் பாரு மச்சான். கண்ணு சரியில்லன்னு எழுதிட்டா வண்டிய உங்கக்காவா ஓட்டுவா?"

மூன்றாவது படத்தை அளந்து அந்தப் பெண் சிரித்தாள். "கம்ப்யூட்டர் படத்துல பதினாலு புள்ளி அகலமா இருந்த குழாய் பதினொண்ணுக்கு வந்துடுச்சு மேடம்."

"மாத்திர தெனமும் போடுறீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"போடுறேம்மா."

என் கைக்குள் இருந்த தலை அசையவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள், லேசர் வெளிச்சம் கிடைக்காது என்று பயம். படம் நன்றாக இருந்ததால் அடுத்த முறை பாய்ச்ச இருந்ததை நிறுத்தினார்கள். ஆறு மாதம் பார்ப்போம் என்றார்கள்.

நாலாம் மாதம், பஸ்ஸில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. பிறகு மற்றதிலும். கடலூரில் ஆபரேஷன் செய்தும் பார்வை வரவில்லை.

மாமா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பெண் சரியாகத்தான் அளந்தாள். நாங்கள் காட்டியதை அளந்தாள். அவளிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.

இப்போது தினமும் காலையில் மாமா வீட்டிலிருந்து மினிபஸ் நிற்கும் இடம் வரை தனியாகப் போகிறார். ஏறுவதில்லை. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டுவிட்டுத் திரும்புவார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடப்பார். போக நூற்றுப் பன்னிரண்டு காலடி.