ஆயுத பூஜையும் என் லேத்தும்

திண்டிவனத்தில் நான் வாத்தியாராக இருந்த ஐ.டி.ஐ.யை விழுப்புரத்து ஐ.டி.ஐ.யோடு சேர்த்துவிட்டு, பழைய கட்டடத்தை இடித்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு ஊராகப் போனார்கள். விழுப்புரத்துக்கு வந்தது நானும், நான் பாடம் நடத்திய லேத் மிஷினும்தான். எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். லேத்தை ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், கரண்டுகூட இழுக்காமல், தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.

நான் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் ஆயுத பூஜைக்கு அந்த லேத்துக்கு நான்தான் பொட்டு வைப்பேன், வேறு யாரையும் தொட விடமாட்டேன். விழுப்புரத்தில் முதல் பூஜையன்று சந்தனம் குழைத்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். லேத்தைக் காணோம்.

"பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க சார். நேத்தே லாரியில ஏத்திக்கினு போயிட்டாங்க. உங்களாண்ட சொல்லலியா?" என்றார் வாட்ச்மேன்.

யார் சொல்வார்கள் என்னிடம்? லேத் இருந்த இடத்தில் பிரின்சிபால் கார் நின்றது. அதற்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார்கள்.

உள்ளே மணி அடித்தது. அவரவர் மிஷின் முன்னால் அவரவர் கைகூப்பி நின்றார்கள். நான் காய்ந்த சந்தனத்தோடு இன்னொருவர் காருக்கு முன்னால் நின்றேன்.