கறுப்புத் தட்டில் திரேசம்மாவின் உப்பு

1. சீனியில் பழகிய கண்

உப்பளத்துக்கு வருமுன் நான்கு வருடம் கொழும்பில் ஒரு சீனிக் கிடங்கில் எனக்கு நிறம் பார்க்கும் வேலை. கப்பலில் வந்த சீனி மூட்டையைக் கம்பியால் குத்தி ஒரு பிடி எடுப்போம். கறுப்புப் பெயின்ட் அடித்த மரத்தட்டில் அதைப் பரப்பி, பக்கத்தில் மாதிரிப் போத்தலில் இருக்கும் சீனியையும் கொஞ்சம் கொட்டி இரண்டையும் ஒப்பிடுவோம். மாதிரியைப் போல் இருந்தால் முதல் தரம், பழுப்படித்தால் இரண்டாம் தரம். வெள்ளைத் தட்டில் வெள்ளைப் பொருளை வைத்தால் கண் ஏமாந்துபோகும், அதனால்தான் கறுப்பு என்று சொல்லித் தந்தார்கள். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் புளியங்குளம். அறுபதுகளின் தொடக்கத்தில் முல்லைத்தீவுப் பக்கம், கடலேரியான களப்பின் ஓரத்தில் இருந்த ஒரு சின்னத் தனியார் உப்பளத்தில் தரம் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வீட்டுக்குக் கிட்ட ஒரு வேலை என்று ஓடி வந்தேன். வரும்போது கொழும்பில் செய்தது போலவே ஒரு கறுப்புத் தட்டும் செய்வித்துக் கொண்டுவந்தேன்.

முதல் நாள் மனேஜர் கனகசபை எல்லாரையும் கூப்பிட்டு என்னை அறிமுகப்படுத்தினார்.

"இவர் கொழும்பிலை சீனிக்கு நிறம் பாத்தவர். இனி எங்கட உப்புக்கும் பாப்பார்."

"நக்கிப் பாத்தோ ஐயா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. அது உப்பு வாரும் அந்தோனி. எல்லாரும் சிரித்தார்கள், மனேஜரும் சிரித்தார். அன்றிலிருந்து எனக்குச் சீனி மாஸ்டர் என்று பெயர். எத்தனையோ வருடம் உப்போடு கிடந்தும் அந்தப் பெயர் மாறவில்லை.

2. இரண்டு தடவை இரண்டாம் தரம்

உப்புப் பாத்தி ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் பொறுப்பு. களப்புத் தண்ணீரைப் பாத்தியில் கட்டி வெயிலில் காயவிடுவார்கள். உப்பு விளைந்ததும் பலகையால் வாரி வரம்பில் குவிப்பார்கள். ஒவ்வொரு குவியலிலும் நான் மாதிரி எடுத்து, உப்பளத்தின் மாதிரிப் போத்தல் உப்போடு ஒப்பிட்டுத் தரம் எழுதவேண்டும். மனேஜர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு பாத்தி உப்பு அடுத்தடுத்து மூன்று தடவை இரண்டாம் தரம் என்று எழுதப்பட்டால், பாத்தி வேறு குடும்பத்துக்குப் போய்விடும்.

திரேசம்மாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கணவர் கடலுக்குப் போகிறவர். பாத்தியைத் திரேசம்மாவும் இரண்டு தங்கைமாரும் பார்த்தார்கள். அவருக்கு அவசரம் என்பதே கிடையாது. மற்றவர்கள் நாலைந்து நாளில் வாரிவிடும் உப்பை அவர் பத்து நாள் விட்டுவைப்பார். அது கல்லாக வளரும், ஒவ்வொரு கல்லும் கடலைக்கொட்டை அளவு இருக்கும். பக்கத்துப் பாத்தி அந்தோனி இதற்கு நேர்மாறு. பொருக்குக் கட்டியதும் வாரித் தள்ளிவிட்டு, பூவரச மரத்தின் கீழ் போய்ப் படுத்துவிடுவார்.

என் கறுப்புத் தட்டில் அந்தோனியின் உப்பு பளிச்சென்று இருந்தது. முதல் தரம் எழுதினேன். திரேசம்மாவின் உப்பு சாம்பல் அடித்தது. இரண்டாம் தரம். அடுத்த தடவையும் அதே கதைதான். கொழும்பில் பழகிய கண் என்ற திமிர் எனக்கு நிறைய இருந்தது. சந்தேகம் என்று ஒன்று எட்டியும் பார்க்கவில்லை.

மூன்றாவது மாதிரி எடுக்கும் கிழமையில் மனேஜர் என்னிடம் சொன்னார்: "அந்த மனிசியின்ரை பாத்தியைக் கேட்டு ரெண்டு குடும்பம் வந்திட்டுது. இந்த முறையும் ரெண்டாந்தரம் எண்டால் மாத்திப்போடுவம்."

3. "பலகையைப் பாக்கிறியளோ?"

மாதிரி அறைப் பக்கம் ஒருநாளும் வராத திரேசம்மா அன்று ஒரு பனையோலைக் கடகம் நிறைய உப்போடு வந்து நின்றார்.

"எனக்கு முன்னாலை பாருங்கோ தம்பி."

தட்டில் ஒரு பிடி பரப்பினேன். பழையபடி சாம்பல். "பாருங்கோ அக்கா, நிறம் குறைவுதானே," என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு கை உப்பை அள்ளி, விரித்திருந்த என் பதிவுப் புத்தகத்தின் மேல் வைத்தார். அது வெள்ளையாக இருந்தது.

"வெள்ளைக் கடதாசியிலை எதுவும் வெள்ளையாத்தான் தெரியும். அதுக்குத்தானே கறுப்புத் தட்டு," என்றேன்.

"அப்ப கறுப்பிலை வைச்சால் கறுப்பாத் தெரியாதோ? நீங்கள் உப்பைப் பாக்கிறியளோ, பலகையைப் பாக்கிறியளோ?"

எனக்குக் கோபம் வந்தது. தட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடித் துண்டு. கல்லினூடாக வெளியே நின்ற பனைமரம் தெரிந்தது. தட்டில் வைத்தபோது அதே கல்லினூடாகத் தெரிந்தது என் கறுப்புப் பெயின்ட்! அந்தோனியின் உப்பு பொடி. பொடிக்குள்ளால் ஒன்றும் தெரியாது, அதனால் வெள்ளை. கிடங்குக்கு வந்த சீனி எல்லாம் ஒரே அளவில் சலித்து வந்தது. குறுணியின், அதாவது ஒவ்வொரு மணியின், அளவு நிறத்தை மாற்றிக் காட்டும் என்று நினைக்கவே அங்கே இடமிருக்கவில்லை.

"அக்கா, இண்டைக்கு நான் எழுதேல்லை. நாளைக்குக் காலமை வாங்கோ."

"நீங்கள் எழுதினால் எங்களுக்கு என்ன நடக்கும் எண்டு தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சால் சரி," என்று கடகத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

பின்னேரம் முழுக்க அறையைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். இரண்டு பேருடைய உப்பையும், மாதிரிப் போத்தல் உப்பையும் தனித்தனியாக உரலில் இடித்து, ஒரே அரிதட்டில் அரித்து, அடிப்பலகை தெரியாதபடி தடிப்பாகப் பரப்பிப் பார்த்தேன். திரேசம்மாவின் உப்பு மாதிரியை விட வெள்ளை. அந்தோனியின் உப்பில் பழுப்பு நன்றாகத் தெரிந்தது. பதிவுப் புத்தகத்தைத் திறந்தேன். இரண்டு பிழையும் என் கையெழுத்தில் இருந்தன. வெட்கமாக இருந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"அப்ப முந்தி ரெண்டு முறையும் எழுதினது?" என்று கேட்டார்.

"பிழை ஐயா."

"அந்தோனிக்கு முதலாந்தரம் எண்டு எழுதினது?"

"அதுவும் பிழைதான்."

பதிவுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனால் எனக்கு மட்டும் சொன்னால் காணாது. நாளைக்கு எல்லாருக்கும் முன்னாலை சொல்லும்."

4. இரண்டு கிளாஸ்

மறுநாள் காலையில் முற்றத்தில் ஒரு நீட்டு மர வாங்கைப் போட்டு, அதன்மேல் இரண்டு கிளாஸில் தண்ணீர் வைத்தேன். ஒன்றில் திரேசம்மாவின் உப்பையும் மற்றதில் அந்தோனியின் உப்பையும் ஒரே அளவு போட்டுக் கலக்கினேன். திரேசம்மாவின் கிளாஸ் தெளிந்து நின்றது. மற்றது கலங்கி, அடியில் சேறு இறங்கியது. மெல்லிய பொருக்கை அவசரமாக வாரினால் பலகை பாத்தியின் சேற்றையும் சேர்த்துச் சுரண்டும். திரேசம்மா தடிப்பாக வளரவிட்டு மேலாக வாருவார். உப்பளத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. என்னிடம் சொன்னால் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு கதை.

"திரேசம்மா அக்காவுக்கு நான் ரெண்டு முறை பிழையா எழுதிப்போட்டன். உப்பிலை பிழையில்லை, நான் பாத்த விதத்திலைதான் பிழை," என்றேன்.

அந்தோனி தன் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். "இதென்ன, உப்போ தேத்தண்ணியோ?"

"மாஸ்டரிட்டைச் சீனி வேண்டிப் போட்டுக் குடி," என்றார் யாரோ. அந்தோனிதான் எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தார்.

திரேசம்மா சிரிக்கவில்லை. மனேஜரைப் பார்த்து, "அப்ப பாத்தி?" என்று கேட்டார்.

"அது உங்கடதான். அந்த ரெண்டும் கணக்கிலை இல்லை."

அவர் கடகத்தை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனார்.

5. மாதிரிப் போத்தல்

பழைய மாதிரியைக் கொட்டிவிட்டு, திரேசம்மாவின் உப்பை இடித்து அரித்துப் போத்தலில் அடைத்தோம். அதன் பிறகு அந்த உப்பளத்தில் யாருடைய உப்பும் அவருடைய உப்போடு ஒப்பிட்டுத்தான் தரம் பெற்றது. அந்தோனியும் ஒரு வருடத்துக்குள் மரநிழலைக் கொஞ்சம் குறைத்து முதல் தரத்துக்கு வந்துவிட்டார். எனக்கு அங்கே நல்ல காலம் அது.

இப்போது நிறம் பார்க்க மெஷின் இருக்கிறது. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. மெஷினும் நீங்கள் வைத்ததைத்தான் பார்க்கும். குறுணி ஒரே அளவா, ஈரம் உண்டா, கீழே இருக்கும் தட்டு தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். மெஷின் சொல்லும் இலக்கம் அதற்குப் பிறகு வரட்டும்.

சில வருடம் கழித்து ஒரு முறை மழை முந்திக்கொண்டது. திரேசம்மாவின் உப்பை இடித்து, அரித்து, பரப்பிப் பார்த்தேன். அவருடைய போத்தலுக்கே அது எட்டவில்லை. மூன்று தடவை பார்த்தேன். எழுத மனம் வராமல் அவரைக் கூப்பிட்டனுப்பினேன்.

"என்ரை உப்பாலையே என்னை விழுத்திப்போட்டியளோ?" என்றபடி வந்தார். இரண்டையும் நெடுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். "ஓம், சேறு இருக்கு. மழைக்குப் பயந்து அவசரப்பட்டிட்டன். எழுதுங்கோ தம்பி. இப்பதான் உங்கட எழுத்திலை எனக்கு நம்பிக்கை வருது."

எழுதினேன். திரேசம்மாவின் பெயருக்கு நேரே நான் எழுதிய மூன்றாவது இரண்டாம் தரம் அது. சரியாக எழுதிய முதலாவதும் அதுதான்.